காற்று மட்டும் வரும் குழாய்

அருப்புக்கோட்டையில் பல நாள் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். புஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்கும், அதோடு சரி. மேல்தொட்டி காலி என்று அர்த்தம். அப்போது குழாயைத் திரும்ப மூட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. தண்ணீர் வராத குழாய் மூடியிருந்தால் என்ன, திறந்திருந்தால் என்ன? குடத்தில் மொண்டு வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவோம். எந்நேரமும் தண்ணீர் வருகிற ஊர்க்காரர்கள் இந்தத் தவறைச் செய்ய மாட்டார்கள்.

பாளையம்பட்டிப் பக்கம் ஒரு மாடி வீட்டில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை. நான் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்திருந்தேன். கட்டி முடித்த கட்டடத்தை ஒப்படைக்கும் முன் அறை அறையாகப் போய், எங்கே விரிசல், எந்தக் குழாய் கசிகிறது, அதை யார் சரிசெய்ய வேண்டும் என்று எழுதுவது என் வேலை. அம்மா இட்லி மாவு அரைத்து விற்றாள். சாயங்காலமானால் தெருப் பெண்கள் தூக்குவாளியோடு மாடிப்படியில் நிற்பார்கள்.

மாவு வியாபாரத்துக்கு வீடு கிடைப்பது லேசில்லை. கிரைண்டர் ஓடினால் சுவர் அதிரும், தண்ணீர் கூடுதலாகச் செலவாகும், தரை புளித்த வாடை அடிக்கும் என்று போன இடமெல்லாம் கையை விரித்தார்கள். இந்த வீட்டுக்காரர் ஒருவர்தான் சரி என்றார். மல்லி விதையும் மிளகாய் வத்தலும் வாங்கி விற்கிற வியாபாரி. நாங்கள் அண்ணாச்சி என்போம். கீழே முன்பக்கம் அவர் குடும்பம் இருந்தது. பின்பக்கம் எங்கள் அடுப்படிக்கும் குளியலறைக்கும் நேர் கீழே அவர் சரக்கு மூட்டைகளை அடுக்கும் கிட்டங்கி.

குடிவந்த அன்று பாலைக் காய்ச்சிக் கொடுத்தபோது அவர் நிபந்தனைகளைச் சொன்னார். ஆணி அடிக்கக் கூடாது. உப்புத் தண்ணீர்க் கறையை நாங்கள்தான் தேய்க்க வேண்டும். சுவர், பைப்பு, மோட்டார் எல்லாம் அவர் பொறுப்பு. "வீடு என்னுது, அழுக்கு உங்களுது. அம்புட்டுத்தான்" என்று சிரித்தார்.

அவர் பொறுப்பில் இரண்டு காரியங்கள் நிலுவையில் இருந்தன. குளியலறைத் தரையில் லேசான கசிவு. கிட்டங்கிக் கூரையில் ஈரத் திட்டு தெரியும். அடுப்படித் தரையில் தண்ணீர் போகிற ஓட்டைக்கு மேல் சல்லடை மாதிரி இருந்த ஜாலி உடைந்திருந்தது. எப்போது சொன்னாலும் "ஆகட்டும் பாப்பா" என்பார். கரப்பான்பூச்சி ஏறி வருகிறதென்று அம்மா பழைய துணியைச் சுருட்டி அந்த ஓட்டையை அடைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டாள்.

சிவராத்திரிக்கு ஊரே குலதெய்வக் கோயில்களுக்குக் கிளம்பிவிடும். எங்கள் சாமி திருச்சுழி தாண்டி ஒரு கண்மாய்க்கரையில் இருக்கிறது. சொந்தக்காரப் பிள்ளைக்கு அங்கே காதுகுத்து. போய்விட்டு மறுநாள் மத்தியானம் பஸ்ஸில் திரும்பினோம். தெருமுனையிலேயே மல்லி வாசம் தூக்கலாக அடித்தது. காய்ந்த மல்லியின் வாசம் அல்ல அது.

கிட்டங்கி வாசலில் நனைந்த மூட்டைகள் கிடந்தன. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒற்றை ஆளாக இன்னொரு மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். சுமை தூக்குகிறவர்கள் எல்லோரும் அவரவர் சாமி கும்பிடப் போயிருந்தார்கள். காலையில் நகராட்சித் தண்ணீர் வந்திருக்கிறது. விட்டால் அடுத்து எப்போதோ என்று மோட்டாரைப் போட்டு மேல்தொட்டியை நிரப்பியிருக்கிறார். சற்று நேரத்தில் கிட்டங்கிக் கூரை சொட்டத் தொடங்கிவிட்டது. மாடிக் கதவு எங்கள் பூட்டில் இருந்ததால் மேலே பார்க்க முடியவில்லை.

நான் பயந்தது நடக்கவில்லை. அவர் எங்களைத் திட்டவில்லை.

"பாத்ரூம் கசிவுதான் பாப்பா. நீ சொன்னப்பவே பாத்திருக்கணும்" என்றார். அவர் மனைவி நடையில் நின்றபடி, "ஓட்டைய வச்சுக்கிட்டே ஓட்டுனா இப்பிடித்தான். எத்தன தடவ சொல்லுச்சு அந்தப் புள்ள" என்று அவரைத்தான் குத்தினார்.

நாங்கள் மேலே போய்க் கதவைத் திறந்தோம். குளியலறை காய்ந்து கிடந்தது. அடுப்படியில் கணுக்கால் நனையத் தண்ணீர். பாத்திரம் கழுவுகிற தொட்டியில், தண்ணீர் இறங்கும் ஓட்டையின் மேல் தட்டு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதற்கு மேலே குழாய் முழுக்கத் திறந்திருந்தது. தண்ணீர் வரவில்லை. மேல்தொட்டி மொத்தமும் அதன் வழியாக இறங்கி, தட்டு அடைத்ததால் தொட்டி வழிந்து, துணி அடைத்ததால் தரையில் தேங்கி, கிரைண்டர் மேடை ஓரத்து விரிசல் வழியாகக் கீழே போயிருக்கிறது. முந்தின நாள் கிளம்பும் முன் அம்மா அந்தக் குழாயைத் திருகிப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. நான் கிளம்பும்போது கேஸ், ஜன்னல், லைட், பூட்டு என்று வரிசையாகப் பார்த்தேன். குழாய்கள் அந்த வரிசையில் இல்லை.

அம்மா போய்க் குழாயை மூடினாள். புடவையைச் செருகிக்கொண்டு துணியையும் கல்லையும் பிடுங்கினாள். தேங்கிய தண்ணீர் சுழித்து இறங்கியது.

"அவரு பாத்ரூம்னே நெனச்சுக்கிட்டு இருக்காரு. நீ வாயத் தொறக்காத" என்றாள் மெல்ல.

"கொத்தனாரு வந்து பாத்தா தெரிஞ்சுரும்மா."

"தெரியாது. அங்கயும் கசிவு இருக்குல்ல? இந்த வீட்ட விட்டா மாவுக்காரிக்கு எவன் வீடு தருவான்? நீ போய்க் கேட்டுட்டு வாரியா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. அந்தத் தெருவில் ஒவ்வொரு வாடிக்கையையும் அவள் ஒரு கரண்டி மாவு கூட ஊற்றிச் சேர்த்திருந்தாள். வேறு தெருவுக்குப் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுவும் வீடு கிடைத்தால்.

நனைந்த மல்லியை அன்றைய வெயிலிலேயே உலர்த்தாவிட்டால் கறுத்துவிடும். பேச நேரமில்லை. நாங்கள் நால்வரும் பாத்திரத்திலும் கூடையிலும் அள்ளி அள்ளி மொட்டைமாடிக்குக் கொண்டுபோனோம். தார்ப்பாய் விரித்து மல்லியைப் பரப்பி, கையால் கிளறிவிட்டோம். மாசி வெயில் முதுகில் ஏறியது. அம்மா எல்லோரையும்விட வேகமாக அள்ளினாள். ஒரு தடவைகூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் மனதுக்குள் என் வேலையைச் செய்துகொண்டிருந்தேன். திறந்த குழாய் எங்களுடையது. சொல்லாமல் போட்ட மோட்டார் அவருடையது. அடைத்த துணி எங்களுடையது. துணிக்குக் காரணமான ஜாலி அவருடையது. மேடையோர விரிசல் அவருடையதா, அல்லது எங்கள் கிரைண்டர் அதிர்ந்து வந்ததா? சைட்டில் நான் நிரப்பும் தாளில் இதற்கெல்லாம் தனித்தனிக் கட்டம் உண்டு. இங்கே எப்படிப் போட்டாலும் எங்கள் கட்டம் காலியாகவில்லை.

அண்ணாச்சி போனை எடுத்துக் கொத்தனாரைக் கூப்பிட்டார். "காலையில வந்துரு. பாத்ரூம் தரையப் பூரா ஒடைச்சுப் போட்டுருவோம்" என்றார்.

ஒழுக்கு எங்கே என்று தெரிந்தவர் சொல்லாவிட்டால், நல்ல தரையை உடைப்பார்கள். கெட்டது அப்படியே இருக்கும். அடுத்த தடவை தண்ணீர் வரும்போது மறுபடி சொட்டும். இதை நான் சைட்டில் பார்த்திருக்கிறேன்.

"அண்ணாச்சி, பாத்ரூம் இல்ல. அடுப்படிக் குழா தொறந்து கெடந்துச்சு. நாங்க மூடாமப் போயிட்டோம்" என்றேன்.

அம்மாவின் கை மல்லிக்குள் அப்படியே நின்றது. அண்ணாச்சி போனை வேட்டி மடிப்பில் செருகினார். நேரே எங்கள் வீட்டுக்கு இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன். அவர் அடுப்படியில் குனிந்து மேடையோர விரிசலில் விரலை வைத்துப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த துணியையும் கல்லையும் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"ஜாலி இல்ல அண்ணாச்சி. கரப்பான் வருது."

அவர் நிமிர்வதற்குள் அவர் மனைவி வாசற்படிக்கு வந்துவிட்டார். "மாவு விக்கிறவுகளுக்கு வேண்டாம்னு நான் அன்னைக்கே சொன்னேன். வீடு உங்களுது, அழுக்கு அவுகளுது. இந்தத் தண்ணி யாருதுன்னு கேளுங்க" என்றார்.

நான் தண்ணீர் வந்த வழியை வரிசையாகச் சொன்னேன், மோட்டாரையும் சேர்த்து. அண்ணாச்சி பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மாசம் முடியட்டும். பேசிக்கிருவோம்."

எங்கள் ஊரில் அந்த வாக்கியத்துக்கு ஒரே பொருள்தான். அடுத்த வீடு பார்த்துக்கொள்.

இருட்டுவதற்குள் மல்லியில் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிட்டோம். அடியில் இருந்த சில மூட்டைகள் நிறம் மாறிப்போயின. மறுநாள் விடியுமுன் அம்மா யாரும் கேட்காமலே கிட்டங்கித் தரையைக் கழுவித் துடைத்தாள். நான் சுவரோரம் சுரண்டி, நனைந்த சாக்குகளைக் கொடியில் போட்டேன். அம்மா என்னிடம் பேசவில்லை. அன்றிலிருந்து அவள் சின்னக் குண்டானில்தான் அரிசி ஊறவைத்தாள். தெருவில் யாராவது மாவு கேட்டு வந்தால், "இன்னைக்கு இம்புட்டுத்தான் இருக்கு" என்று அனுப்பிவிடுவாள். அவள் வாடிக்கைகளைத் தானே மெல்லக் கழற்றிவிடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. வேலைக்குப் போகிற வழியில் நான் 'வாடகைக்கு' என்று எழுதிய பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். விசாரித்த ஓரிடத்தில், அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டதோடு பேச்சு முடிந்தது.

அந்த வாரம் கொத்தனார் வந்தார். குளியலறையைத் தொடவில்லை. மேடையோர விரிசலைக் கொத்தி எடுத்துப் பூசினார். ஓட்டையில் புது ஸ்டீல் ஜாலியைப் பதித்தார். அண்ணாச்சி வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். வீட்டைச் சரிசெய்வது அடுத்து வருகிறவர்களுக்காகவும் இருக்கலாம்.

பிறகு ஒரு நாள் காலை, நான் பஸ்ஸுக்குக் கிளம்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் குடங்கள் நகரும் சத்தம். தண்ணீர் வந்துவிட்டது. வழக்கமாக அடுத்த சத்தம் மோட்டார்தான். அன்று அது கேட்கவில்லை. படிக்கட்டின் அடியிலிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது.

"ஏம்மா, மோட்டார் போடப் போறேன். பைப்பெல்லாம் மூடியிருக்கான்னு பாத்துச் சொல்லு."

அம்மா அடுப்படிக்குப் போனாள். குளியலறைக்குப் போனாள். மறுபடி அடுப்படிக்கு வந்து, ஏற்கெனவே மூடியிருந்த குழாயை இன்னும் ஒரு திருகு இறுக்கினாள்.

"மூடியிருக்கு அண்ணாச்சி."

"இனிமே ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டுத்தான் போடுவேன். நீங்க ஊருக்குப் போனா சாவியக் குடுத்துட்டுப் போங்க."

மோட்டார் ஓடத் தொடங்கியது. அம்மா பரணிலிருந்து பெரிய குண்டானை இறக்கித் தரச் சொன்னாள். எனக்கு பஸ் போய்விடும். இருந்தாலும் ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.