எட்டு மாதம் பார்த்த வண்டி

அந்தத் தெருவில் கண்ணாடிக்காரம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஜன்னல் உடைந்தாலும், அலமாரிக் கதவு விரிசல் விட்டாலும், கடை வாசலுக்கு ஆளுயரக் கண்ணாடி வேண்டுமென்றாலும் அவளிடம்தான் போக வேண்டும். கட்டரை எடுத்து ஒரே இழுப்பு இழுப்பாள். மேசை விளிம்பில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினால் கண்ணாடி கோடு போட்ட இடத்தில் பிரிந்து கையோடு வந்துவிடும். ஒரு கோட்டின்மேல் இரண்டாவது தடவை இழுத்தால் கண்ணாடி கோணலாகப் போய்விடும் என்பது தொழிலில் முதல் பாடம். பேச்சிலும் அவள் அப்படித்தான். எதையும் ஒரு தரம் சொல்வாள், கேட்டால் சரி, கேட்காவிட்டால் அவர்கள் பாடு.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வீட்டுக்காரர் ஒரு ஜோடி செருப்பு வாங்குவதற்கு மூன்று வாரம் யோசிக்கிறவர். நல்ல மனிதர், குடி கிடையாது, கோபம் கிடையாது, வேலையில் சுத்தம். ஆனால் முடிவெடுக்கச் சொன்னால் மட்டும் கிணற்றில் போட்ட கல்தான். செருப்புக்கே மூன்று வாரம் என்றால் வண்டிக்கு எத்தனை நாள் ஆகும் என்று அவள் முதலிலேயே கணக்குப் போட்டிருக்க வேண்டும். போடாமல் விட்டது அவள் தப்பு.

வீட்டில் இருந்த பழைய வண்டிக்குப் பதினெட்டு வயது. பின்னால் தொட்டியில் சாய்வாக ஒரு மரச்சட்டம் அடித்து, அதில் கண்ணாடிகளை நிற்க வைத்துக் கயிறு கட்டி எடுத்துப் போவார்கள். கண்ணாடியைப் படுக்கப் போட்டு எடுத்துப் போனால் முதல் பள்ளத்திலேயே கதை முடிந்துவிடும், நிற்க வைத்தால்தான் தாங்கும். ஓட்டுவது அவள். வீட்டுக்காரருக்கு ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் கற்றுக்கொள்ளத்தான் செய்தார். ஆனால் அவருக்கு ரோட்டைவிடப் பின்னால் இருக்கும் கண்ணாடிமேல்தான் கண். முன்னால் ஓட்டிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்து, மூன்றாம் நாள் ஒரு சுவரில் கொண்டுபோய் முட்டினார். கண்ணாடி உடையவில்லை, சுவர்தான் உடைந்தது. மறுநாளே அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

அன்றிலிருந்து அவருக்குப் பக்கத்து சீட். உட்காருவார், ஆனால் முன்னால் பார்த்து உட்கார மாட்டார். இடுப்பைத் திருப்பி, ஒரு கையை சீட் முதுகில் போட்டுக்கொண்டு, பின்பக்கத்துச் சின்ன ஜன்னல் வழியாகக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வருவார். "மெதுவா... மெதுவா... ஆடுது... இப்ப சரி." போகும் வழியெல்லாம் இதே பாட்டு. பதினெட்டு வருடத்தில் அவர் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் பின்னால் போவதைத்தான் பார்த்திருக்கிறார். கழுத்தே கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பியபடி பதிந்துபோயிருந்தது. சாப்பிடும்போதுகூடத் தட்டுக்கு நேராக உட்கார வராது.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பாரத்தோடு நடுரோட்டில் பழைய வண்டி படுத்துவிட்டது. மெக்கானிக் வந்து மூடியைத் திறந்து பார்த்து, எதையோ முறுக்கி ஓட வைத்துவிட்டு மறுபடி மூடினான். "இனிமே இதுக்குச் செலவு பண்றது தண்டம்கா" என்றான். அதற்கு அடுத்த வாரம்தான் இருவரும் ஷோரூமுக்குப் போனார்கள்.

நடுத்தர சைஸில் ஒரு புது பிக்அப் வண்டி நின்றது. லாரி அளவுக்குப் பூதமும் இல்லை, குட்டி வேன் அளவுக்குச் சொப்பும் இல்லை. முன்னால் நாலு கதவு, பின்னால் நல்ல தொட்டி. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட விற்பனைப் பையன் சளைக்காமல் பேசினான். கடைசியில் உள்ளே ஒரு திரையைத் தட்டிக் காட்டினான்.

"பின்னாடி கேமரா இருக்கு, ஏத்தின சரக்கு ஆடுனா இதுல தெரியும் சார். யாரும் திரும்பிப் பாக்கவே வேண்டியதில்ல."

வீட்டுக்காரர் அந்தத் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விலையைக் கேட்டார். மூன்று வருடம் ஜன்னல் மாட்டினால் மிஞ்சும் லாபம். "யோசிச்சு சொல்றோம்" என்று எழுந்துவிட்டார்.

யோசனை என்றால் அப்படி ஒரு யோசனை. நோட்டில் நடுவில் கோடு கிழித்து வாங்கலாம் ஒரு பக்கம், வேண்டாம் ஒரு பக்கம் என்று எழுத ஆரம்பித்தார். முதலில் தொட்டி நீளம் ஒரு சாண் குறைவு என்றார். டேப் வைத்து அளந்தால் பழைய வண்டியைவிட நீளம். சரி, அகலம் பத்தாது என்றார், அதுவும் பத்தியது. வெள்ளை வாங்கினால் அழுக்குத் தெரியும், கறுப்பு வாங்கினால் சூடு ஏறும். நாலு கதவு எதற்கு, நாம் என்ன ஊர்வலமா போகிறோம் என்றார். ஆறாவது முறை போனபோது அந்த விற்பனைப் பையன் இவர்களைக் கண்டதும் கழிப்பறைப் பக்கம் நழுவியதை அவள் தன் கண்ணால் பார்த்தாள். அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. தனக்கும் அப்படி நழுவ ஓர் இடம் இருந்தால் தேவலை என்றுதான் நினைத்தாள்.

இது போதாதென்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தம்பி வந்து குட்டையைக் குழப்புவான்.

"அவசரப்படாதீங்க மாமா. ஆறு மாசம் பொறுத்தா புது மாடல் வருது. இதோட விலை தானா இறங்கும்."

"நீ இதுவரைக்கும் ஒரு சைக்கிளாவது வாங்கியிருக்கியாடா?" என்பாள் அவள்.

"அது வேற விஷயம்க்கா" என்று அவன் காபியை உறிஞ்சுவான். வீட்டுக்காரர் நோட்டைத் திறந்து வேண்டாம் பக்கத்தில் புது மாடல் என்று எழுதிக்கொள்வார்.

டயர் கடைக்காரரைக் கேட்டார், தச்சரைக் கேட்டார், எதிர்வீட்டு வாத்தியாரைக் கேட்டார். வண்டியை ஓட்டப்போகிறவளை மட்டும் கேட்கவில்லை.

அந்த வண்டிதான் வேண்டும் என்பதற்கு அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. இடது முட்டி. பழைய வண்டியின் கிளட்ச் இரும்புக்கதவு மாதிரி கனக்கும். இரண்டு வருடமாக ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் முட்டிக்குள் ஊசி இறங்கியது. இப்போதெல்லாம் நெரிசலில் மாட்டினால் இடது கையால் தொடையைப் பிடித்துக் காலைத் தூக்கி கிளட்ச்மேல் வைக்க வேண்டியிருந்தது. ஷோரூமில் முதல் நாளே அவள் குனிந்து பார்த்துவிட்டாள், புது வண்டியில் கீழே இரண்டே மிதி. கிளட்ச் கிடையாது, கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். அவளைப் பொறுத்தவரை பேச்சு அங்கேயே முடிந்தது.

சொல்லியிருக்கலாமே என்றால், சொல்லியிருக்கலாம்தான். ஒரு தடவை கால் வலி என்று வாயைத் திறந்தாள். உடனே தம்பி, "ஒரு டிரைவரப் போட்டுரு அக்கா, எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான்" என்றான். வீட்டுக்காரரும் தலையை ஆட்டினார். நாள் முழுக்கக் கடைக்குள் கண்ணாடித் தூளோடு நிற்பவளுக்கு ஸ்டியரிங் கையில் இருக்கும் நேரம்தான் மூச்சு விடும் நேரம். அதையும் எவனிடமோ கொடுத்துவிட்டு அவள் என்ன செய்வாள்? அன்றோடு முட்டியைப் பற்றிய பேச்சை மென்று விழுங்கிவிட்டாள். வாயைத் திறந்தால் டிரைவர் வந்துவிடுவான், திறக்காவிட்டால் வண்டி வராது. எட்டு மாதம் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து வெந்தாள்.

எட்டாவது முறை போனபோது அந்தப் பையன் கடைசி முயற்சியாகச் சாவியை நீட்டினான். "சார், ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க. அப்புறம் நீங்களே சொல்லுவீங்க."

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுப்பா" என்றார் வீட்டுக்காரர்.

எட்டு மாதமாக இன்ஜினையும் பிரேக்கையும் பற்றி அந்த மனிதர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவள் சாவியை வாங்கிக்கொண்டு ஏறினாள்.

வண்டி வழுக்கிக்கொண்டு போனது. இடது கால் ஒரு மூலையில் சும்மா கிடந்தது. மேம்பாலத்தில் ஏறி இறங்கினாள், சிக்னலில் நின்றாள், வேகத்தடையில் ஏறினாள். ஊசி இறங்கவில்லை. அவளுக்குப் பாட வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் வீட்டுக்காரர் பழக்கத்தில் இடுப்பைத் திருப்பினார். பின்சீட்டுகள் மறைத்தன. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி வந்தார்.

இறங்கியதும் சொன்னார். "வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த விலைக்குப் பெறாது."

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. பையன் அவளைப் பார்த்துவிட்டு, பிறகு சுவரைப் பார்க்க ஆரம்பித்தான். வீடு வரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

மறுநாள் காலை ஒரு துணிக்கடைக்கு ஆளுயரக் கண்ணாடிகள் நாலு கொண்டுபோக வேண்டியிருந்தது. பழைய வண்டி, பழைய மரச்சட்டம், பக்கத்தில் திரும்பி உட்கார்ந்த வீட்டுக்காரர். மேட்டு ரோட்டில் முன்னால் ஏதோ குழாய் வேலை, ஒரே நெரிசல். நிற்பதும் நகர்வதுமாக முப்பது நாற்பது தடவை கிளட்ச். ஒரு இடத்தில் கால் வரவில்லை. எழும்பச் சொன்னால் எழும்பவில்லை. இன்ஜின் உதறிக்கொண்டு அணைந்தது, வண்டி இரண்டடி பின்னால் உருண்டது. பின்னால் நின்றவன் ஹாரனில் ஏறிப் படுத்தான். அவள் கைபிரேக்கை இழுத்து நிறுத்தினாள்.

"கண்ணாடி! கண்ணாடி!" என்றார் வீட்டுக்காரர், பின்னால் பார்த்தபடியே.

அவ்வளவுதான். எட்டு மாதம் அடக்கியது ஒரேயடியாகக் கொட்டியது.

"கண்ணாடி கெடக்கட்டும். கொஞ்சம் இங்க திரும்புறீங்களா?"

அவர் திரும்பினார். அவள் இரண்டு கையாலும் தன் இடது தொடையைப் பிடித்து, ஒரு மூட்டையை நகர்த்துவது போல, காலை கிளட்ச்மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு காலுக்கு?"

"ரெண்டு வருஷமா ஆயிட்டு இருக்கு. தினமும் இப்படித்தான் தூக்கி வெக்கிறேன். ஒரு முழம் தள்ளித்தானே உக்காந்திருக்கீங்க? பதினெட்டு வருஷமா அந்தக் கண்ணாடியப் பாத்துட்டு வரீங்களே, நான் எப்படி ஓட்டறேன்னு ஒரு நாளாவது பாத்தீங்களா?"

"நீ ஏன் சொல்லல?"

"சொன்னா டிரைவரப் போட்டு என்னக் கடைக்குள்ள தள்ளிடுவீங்க. அந்தப் புது வண்டில கிளட்சே கிடையாது. அதுக்குத்தான் எட்டு மாசமா வாயப் பொத்திக்கிட்டு உங்க பின்னாடி அலையறேன். நீங்க வெள்ளையா கறுப்பான்னு நோட்டுல எழுதிட்டு இருக்கீங்க."

ஹாரன் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அவர் அவள் முட்டியைப் பார்த்தார். துணிக்கு மேலேயே வீக்கம் தெரிந்தது.

"நான் வெள்ளைக்கும் கறுப்புக்கும் யோசிக்கல" என்றார் மெல்ல. "என் தோள் போனதுலேருந்து கண்ணாடியத் தூக்கறதுக்கு ரெண்டு கூலியாளு வராங்க. வெட்டறது நீ, ஓட்டறதும் நீ. எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான், பின்னாடி பாத்துட்டு வரது. அதையும் கேமரா பாத்துக்கும்னு சொல்லிட்டான் அந்தப் பையன். அப்புறம் நான் எதுக்கு வண்டில?"

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது.

"இதச் சொல்றதுக்கா எட்டு மாசம்? வாயில என்ன கொழுக்கட்டையா? துணிக்கடைக்காரன் ஃபோன் பண்ணினா பேசறதுக்கு ஆள் வேண்டாமா? வழி கேக்க ஆள் வேண்டாமா? நாள் முழுக்க நான் யார்கிட்டதான் பேசிட்டுப் போறது? கேமராகிட்டயா?"

அவள் இன்ஜினைக் கிளப்பினாள். துணிக்கடை வரும்வரை அவர் முன்னால் பார்த்து உட்கார்ந்து வந்தார். கழுத்து வலித்திருக்க வேண்டும், அடிக்கடி தேய்த்துக்கொண்டார். அவள் கியர் மாற்றும்போதெல்லாம் அவர் கண் கீழே போய் வந்தது.

அடுத்த நாள் கடையைத் திறப்பதற்கு முன்பே அவர் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். நோட்டை எடுக்கவில்லை. ஷோரூமில் விற்பனைப் பையனுக்கு ஓட நேரம் கிடைக்கவில்லை. விலைப்பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, வருவது வரட்டும் என்ற முகத்தோடு வந்தான்.

வீட்டுக்காரர் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, தரையில் குந்தி உட்கார்ந்து, மிதிகளைப் பார்த்தார்.

"தம்பி, இதுல எடது காலுக்கு என்ன வேலை?"

பையன் ஒரு கணம் முழித்தான். இப்படி ஒரு கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. "ஒரு வேலையும் இல்ல சார். சும்மா வெச்சுக்கலாம்."

"நல்லாத் தெரிஞ்சு சொல்லு. மேட்டு ரோட்டுல நெரிசல்ல நிக்கும்போது?"

"அப்பவும் இல்ல சார்."

"நாள் முழுக்க ஓட்டினா?"

"நாள் முழுக்க ஓட்டினாலும் அசைக்கவே வேண்டாம் சார்."

அவர் உள்ளே கையை நீட்டி, இடது கால் கிடக்கப்போகும் இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். மெத்தென்று இருக்கிறதா என்று இரண்டு மூன்று தரம் அழுத்தினார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப விலை சரிதான். எழுதிக்கோ."

பையன் நம்பாமல் அவளைப் பார்த்தான். அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எரிச்சல் எரிச்சலாக வந்தது. இந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும், முட்டியும் இந்த அளவுக்குப் போயிருக்காது. அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டுமென்றுதான் வாயைத் திறந்தாள். வாயிலிருந்து வந்தது "வெள்ளையே எழுதச் சொல்லுங்க" என்பதுதான், அதற்கும் சேர்த்து அவர்மேல்தான் எரிச்சல் வந்தது.