காலியிடம் என்று எழுதிய மூலை

திண்டுக்கல்லில் பழனி சாலையை ஒட்டிய எங்கள் தோட்டத்தில் சின்னதாக ஒரு கல்யாண மண்டபம் கட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. மனைவி போட்டது ஒரே ஒரு நிபந்தனை. கிழக்கு வேலி மூலையைத் தொடக் கூடாது.

அங்கேதான் எங்கள் மகள் இருக்கிறாள். பிறந்து நாற்பதாம் நாள் போய்விட்டாள். எங்கள் வீட்டில் பச்சைக் குழந்தைகளை எரிப்பதில்லை. சொந்த நிலத்திலேயே புதைத்துவிடுவோம். கல் நடுவதில்லை. பார்ப்பவர்களுக்கு அது வெறும் தரை. இத்தனை வருடத்தில் அந்த மூலையில் ஒருமுறைகூட என் மனைவி ஏர் ஓட்ட விட்டதில்லை.

வரைபடம் போட வந்த இன்ஜினியர், "இந்த மூலை என்ன சார்?" என்று கேட்டார். குழந்தையைப் புதைத்த இடம் என்று எழுதினால் எவன் அங்கே முகூர்த்தம் வைப்பான்? "காலியிடம்னு போடுங்க" என்றேன். பெரிய சாமர்த்தியசாலி என்று எனக்கு நினைப்பு.

நகரமைப்பு அலுவலகத்திலிருந்து விண்ணப்பம் திரும்பி வந்தது. விதிப்படி விட வேண்டிய கார் நிறுத்தத்தில் மூன்று கார்களுக்கு இடம் குறைகிறதாம். நேரில் போய் நின்றேன். அதிகாரி நல்ல மனிதர். உதவுவதாக நினைத்துத்தான் வரைபடத்தில் விரலை வைத்தார்.

"இம்புட்டு எடம் காலியாத்தான கெடக்கு? இங்க மூணு காரைக் காட்டுங்க, முடிஞ்சுரும்."

அப்போதாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சாப்பாட்டுக் கூடத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் போதும் என்று இன்ஜினியரே சொன்னார். முந்நூறு பேர் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அந்த ஆசை என் கண்ணை மறைத்துவிட்டது.

அந்த மூலையில் கார் நிறுத்தம் வரப்போவதை மனைவியிடம் சொன்னபோது அவள் அழவில்லை. வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி ஏறுனா புள்ளைக்கு அழுத்தாதாங்க?"

"இம்புட்டு வருசமாச்சு. அடியில ஒன்னும் இருக்காது" என்றேன். அப்படிச் சொன்ன நாக்கு அழுகிப் போயிருக்க வேண்டும். இன்றுவரை மனசு ஆறவில்லை.

அனுமதி கிடைத்தது. மண்டபமும் எழுந்தது. முதல் கல்யாணத்தன்று காலையில், அந்த மூலையில் வெள்ளைக் கோடு போட்ட கட்டத்துக்குள் பட்டுச்சேலையோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக் கார் எதிரே வந்து ஹாரன் அடித்தது.

"யாருங்க அந்தம்மா? செத்த நகரச் சொல்லுங்க" என்றார் டிரைவர். வந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"எந்திரிம்மா" என்றேன்.

எழுந்தாள். நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டாள்.

"பாத்து, மெதுவா ஏத்தச் சொல்லுங்க" என்றாள்.