ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ‘சரி’ சொன்னவள்

இது நடந்தது பட்டப்பகலில். காலை பத்தே முக்கால் மணி. கண் கூசும் வெளிச்சம், சுற்றிலும் படித்த மனிதர்கள் நாலு பேர். பேய் வருவதற்கு இது ஒரு நேரமா, இது ஒரு இடமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் சொன்னது என் அக்கா. சின்ன வயதில் பிஸ்கட் டப்பாவைக் காலி செய்துவிட்டு, அம்மா கேட்பதற்கு முன்னாலேயே போய் ஒப்புக்கொண்டு, எனக்கும் சேர்த்து அடி வாங்கிக் கொடுத்த மகராசி அவள். அவளுக்குக் கதை கட்ட வராது. அதனால் இது நடந்ததுதான்.

அக்காவுக்குக் கல்யாணமாகி எட்டு வருடமாகியும் குழந்தை இல்லை. "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டவர்களிடம் முதலில் சிரித்தாள், பிறகு பேச்சை மாற்றினாள், அதற்குப் பிறகு சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டாள். மாமியார் நல்ல மனுஷி. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் தெருவில் யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிடுவார். அதற்கு அவர் கேட்டே இருக்கலாம்.

கடைசியில் அக்காவும் மாமாவும் கருத்தரிப்பு மருத்துவமனைக்குப் போனார்கள். ஃபிரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஊசி மருந்து உட்கார்ந்தது. தினமும் அவளே தன் வயிற்றில் குத்திக்கொள்வாள். மாமா கையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். ஊசியைப் பார்த்தால் அந்த மனுஷனுக்குத் தலை சுற்றும். இவ்வளவு பாடுபட்டு, முட்டைகளை எடுத்து லேபில் வளர்த்ததில் தேறியது மூன்றே கரு. மூன்றையும் உறைய வைத்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்துக் கர்ப்பப்பைக்குள் வைப்பார்கள். நின்றால் குழந்தை.

அக்காவின் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கால் சென்டரில், பதிவான பேச்சுகளைக் கேட்டு மதிப்பெண் போடுகிறவள். நாள் முழுக்கக் காதில் குரல்கள்தான். பேசுகிறவன் சிரிக்கிறானா, எதையாவது மென்றுகொண்டே பேசுகிறானா, அடுத்த மாதம் வேலையை விடப்போகிறானா... எல்லாவற்றையும் குரலிலேயே பிடித்துவிடுவாள். நான் போனில் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் "என்னடி, அழுதியா?" என்பாள். அவள் காதுக்கு யாரும் டிமிக்கி கொடுக்க முடியாது.

கரு வைக்கும் அறைக்கும் லேபுக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. ஒருவர் கரு இன்னொருவருக்குப் போய்விடக்கூடாது என்பதற்காக ஒரு முறை வைத்திருக்கிறார்கள். லேபுக்குள் ஒருவர், கிண்ணத்தில் ஒட்டியிருக்கும் பெயரைச் சத்தமாகப் படிக்க வேண்டும். இன்னொருவர் அதைப் பார்த்து "சரி" சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஜன்னல் திறக்கும்.

முதல் முறை ஒரு ஆண் குரல் அக்காவின் பெயரைப் படித்தது. ஒரு பெண் குரல் "சரி" என்றது. லேசாகக் கரகரத்த குரல். அதட்டலும் இல்லை, அவசரமும் இல்லை. அந்த ஒரு வார்த்தையில் தனக்கு உயிரே வந்தது என்றாள் அக்கா. ஆனால் கரு நிற்கவில்லை.

இரண்டாவது முறையும் அதே குரல், அதே "சரி". அதுவும் நிற்கவில்லை. அன்றைக்கு அக்கா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைப்பு. வீடு முழுக்கக் கேட்டது.

அழுது ஓய்ந்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. அந்தக் குரலில் ஏதோ சரியில்லை. லேபில் எல்லோரும் வாயை மூடி மாஸ்க் கட்டியிருப்பார்கள். பெயர் படித்தவரின் குரல் மாஸ்க்குக்குள்ளிருந்து அமுங்கித்தான் வந்தது. பின்னால் மெஷின் இரைச்சலும் இருந்தது. அந்தப் பெண் குரலில் இரண்டுமே இல்லை. திறந்த வாயிலிருந்து வந்த குரல். சுற்றிலும் எந்தச் சத்தமும் இல்லாத ஒரு இடத்திலிருந்து வந்த குரல்.

அடுத்த தடவை போனபோது நர்ஸின் வாயை மெல்லக் கிளறினாள்.

"சிஸ்டர், லேபுக்குள்ள ‘சரி’ சொல்றாங்களே ஒரு மேடம்... அவங்களை ஒரு தடவை பாக்கலாமா?"

"மேடமா? லேபுல லேடீஸ் யாரும் இல்லையே. ரெண்டு சாருங்கதான்."

"முன்னாடி இருந்தாங்களோ?"

"நான் சேர்ந்ததிலிருந்து இவங்க ரெண்டு பேருதான் மேடம்."

அக்கா நம்பவில்லை. யாரோ ஒருத்தியை முறையில்லாமல் உள்ளே விடுகிறார்கள், அதை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டாள். வாசலிலேயே உட்கார்ந்து, லேபிலிருந்து யார் யார் வருகிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒரு தாடிக்காரர் வந்தார். கண்ணாடி போட்ட ஒரு ஒல்லி ஆள் வந்தார். அப்புறம் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டினார்கள். மாமாவிடம் சொன்னாள். "எல்லாம் அந்த ஊசி பண்ற வேலை. மண்டைய போட்டுக் குழப்பிக்காதே" என்றார். அதற்கு மேல் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது கரு. அதுதான் கடைசி. "இதுவும் நிக்கலன்னா திரும்ப முட்டை எடுக்கறதுல அர்த்தம் இல்லம்மா. உங்க உடம்புல இனிமே நல்ல முட்டை இல்ல" என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். மாமாவை வெளியே உட்கார வைத்துவிட்டு, அக்காவைப் படுக்க வைத்தார்கள். வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துக்கொண்டு நர்ஸ் நின்றாள். சுவரில் மணி பத்தே முக்கால்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தாடிக்காரர் அக்காவின் பெயரைப் படித்தார். மாமாவின் பெயரையும் படித்தார்.

மெஷின் இரைச்சல்... ஊம்ம்ம் என்று.

அப்புறம் அந்தக் குரல்.

"இது இவங்களோடது இல்ல."

ஜன்னல் திறந்தது.

"நிறுத்துங்க!" அக்கா எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

"உள்ள ‘இல்ல’ன்னு சொன்னாங்களே டாக்டர்!"

"‘சரி’ன்னுதானே சொன்னாரு. நானே கேட்டேன்."

நர்ஸும் தலையாட்டினாள். லேபுக்குள்ளிருந்து இரண்டு பேரும் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். தாடி. கண்ணாடி. வேறு யாரும் இல்லை.

டாக்டரம்மா கோபப்படவில்லை. மறுபடி படிக்கச் சொன்னார். தாடிக்காரர் நிறுத்தி நிதானமாகப் படித்தார். கண்ணாடிக்காரர் "சரி" என்றார். மாஸ்க்குக்குள்ளிருந்து வந்த ஆண் குரல். இந்தத் தடவை அக்காவுக்கு அது நன்றாகக் கேட்டது. அப்பாடா என்று மூச்சை விட்டாள்.

"இல்ல."

ஜன்னலிலிருந்து வரவில்லை. அவளுடைய இடது காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பக்கம் வெறும் சுவர்.

மாமாவை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் வந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா சொன்னார்:

"லேபிள் ரெண்டு தடவை பாத்தாச்சு. உங்களோடதுதான். உறைஞ்சதை இளக்கியாச்சும்மா. இன்னிக்கு வைக்கலன்னா வீணாப் போயிடும். முடிவு உங்களோடது."

"உனக்கு வேண்டாம்னா வேண்டாம். போயிடலாம்" என்றார் மாமா. அவர் குரல் என்ன சொல்கிறது என்று அக்காவுக்கா தெரியாது? போகாதே, போகாதே என்று கெஞ்சியது.

குரல் சொன்னது பொய்யென்றால், தன் கடைசிக் குழந்தையைத் தானே வேண்டாம் என்கிறாள். மெய்யென்றால்... யாரோ ஒருத்தியின் குழந்தையை எடுத்துக்கொள்கிறாள்.

"வைங்க" என்றாள்.

பின்னால் என்னிடம் சொன்னாள்: "அது பொய்யின்னு நினைச்சு நான் ‘வைங்க’ன்னு சொல்லலடி. என் காது எனக்குத் தெரியும்."

நின்றுவிட்டது! ‘சரி’ என்று சொன்ன இரண்டும் நிற்கவில்லை. ‘இல்ல’ என்று சொன்னது நின்றது. பத்தாவது மாதம் பெண் குழந்தை, தங்க விக்கிரகம் போல. மாமியார் "மூக்கு அப்படியே என் பையன்" என்றார். அம்மா "நெத்தி நம்ம வீட்டு நெத்தி" என்றாள். நான் என் பங்குக்குப் பிடிவாதம் மட்டும் அக்கா என்றேன். ஆளாளுக்குப் பங்கு போட்டுக்கொண்டோம். அக்கா மட்டும் வாயைத் திறக்கவில்லை. குழந்தை தூங்கும்போது அதன் காது மடலையும் கால் விரலையும் தடவித் தடவிப் பார்ப்பாள். ஒரு சோதனை எடுத்தால் தெரிந்துவிடும். எடுக்கவில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

போன மாதம் குழந்தைக்குச் செருப்பு வாங்கப் போயிருக்கிறாள். பாப்பாவுக்கு இப்போது இரண்டரை வயது. கடையில் அவ்வளவாகக் கூட்டமில்லை. கடைக்காரர் ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டு, இன்னொன்றைத் தேடி உள்ளே போனார். பக்கத்து ஸ்டூலில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். எதுவும் வாங்கவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை உங்களுக்குத் தெரியாது" என்றாள் அந்தப் பெண். "அன்னிக்கு ஆஸ்பத்திரியில உங்களுக்கு அடுத்து உள்ள போனது நான்தான்."

அக்கா குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"லேபுல பேர் படிச்சாங்க. அப்புறம் ஒரு பொம்பளை குரல்... உங்களுக்கும் கேட்டுச்சா?"

"இல்லையே. எனக்கு ஒண்ணும் கேக்கல."

"எனக்குக் கேட்டுச்சு. ‘இது உன்னோடது இல்ல. உன்னோடத இப்பத்தான் அவ எடுத்துட்டுப் போனா’ன்னு."

அக்கா குழந்தையின் காலிலிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றினாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லல. பேசாம படுத்துக்கிட்டேன். ஏதோ ஒண்ணு நின்னா போதும்னு இருந்துச்சுங்க... எனக்கு நிக்கல."

அந்தப் பெண்ணின் முகம் ஒரு கை தூரத்தில் இருந்தது. அக்கா பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும். மூக்கு யாருடையது, நெற்றி யாருடையது... எல்லாம் தெரிந்துவிடும். குழந்தையின் தலையிலேயே கண்ணை வைத்துக்கொண்டு எழுந்தாள்.

போகிற போக்கில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நாங்க இங்க வருவோம்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"அதேதான் சொல்லுச்சு. இன்னிக்குக் காலைல."

அக்கா வீட்டுக்கு வந்து எனக்குப் போன் செய்து, முதலிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் கொட்டினாள். மறு வாரமே வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். எங்கே போனார்கள் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. யார் கேட்டாலும் நீ உளறிவிடுவாய் என்கிறாள். நான் வாயைத் திறக்கப்போவதில்லை. ஆனால் அந்தப் பெண் என்னிடம் வந்து எதற்குக் கேட்கப்போகிறாள்? அவளுக்குச் சொல்லத்தான் அந்தக் குரல் இருக்கிறதே.