மதியத்துக் காலடிச் சத்தம்

கீழ் வீட்டு அம்மா ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"இன்னாம்மா, மத்தியானத்துல உங்க ஊட்ல யாரு நடந்துகினு கீறாங்க? நீ கடைக்குப் போனதும் தலைக்கு மேல தடக்கு தடக்குனு சத்தம் கேக்குது."

அந்த நேரத்தில் வீட்டில் நடக்க ஆளே இல்லை. கணவர் அலுவலகத்தில் இருப்பார், மகள் பள்ளியில். மிச்சம் மாமனார் ஒருவர்தான். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து, என் தோளைப் பிடிக்காமல் அவர் கட்டிலை விட்டு இறங்கியதில்லை.

ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மாமியார் போன பிறகு பூந்தமல்லியில் எங்கள் ஃப்ளாட்டுக்கே வந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் கிளம்பிப் போயிருந்த ஒரு காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். சாயங்காலம் நான் வந்து கதவைத் திறக்கும்வரை ஈரத்தரையிலேயே கிடந்திருக்கிறார். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்த நான், அன்றோடு சம்பளமில்லாத விடுப்பில் வீட்டில் உட்கார்ந்தேன். தூக்கி உட்கார வைப்பது, குளியலறைக்கு நடத்திப் போவது, துடைத்து விடுவது என்று என் முதுகு பிடித்துக்கொண்டது. பெல்ட் போட்டுக்கொண்டுதான் சமைத்தேன். பயிற்சி கொடுக்க வந்தவரோ, "எலும்பு நல்லா கூடிடுச்சு, இந்நேரம் வாக்கர் பிடிச்சு நடக்கணுமே" என்று தலையைச் சொறிந்தார். வாக்கர் கட்டிலோரம் சும்மாவே நின்றது.

யாரோ வெளியாள் வந்து போகிறான் என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். பூட்டை மாற்றினேன். தண்ணீர் கேன் போடுபவரைக்கூட வாசலோடு நிறுத்தினேன்.

"நான் இல்லாதப்ப யாராவது வந்தாங்களா மாமா?"

"யாரும்மா வரப்போறா?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தத் திரும்பல் எனக்குப் பிடிக்கவில்லை. அன்று சாயங்காலம் வெந்நீரில் துணியை நனைத்து அவர் பாதங்களைத் துடைத்தேன். துணி கறுத்தது. நாளெல்லாம் படுத்திருப்பவர் பாதத்தில் ஏது அழுக்கு? மறுநாளும் பார்த்தேன். மறுபடி அதே கரிய தூசி. மெயின் ரோட்டிலிருந்து பறந்து வந்து எங்கள் பால்கனியில் படிவது அப்படித்தான் இருக்கும்.

கணவரிடம் சொன்னேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "உனக்கு வேலைக்குப் போகணும். அதான் அவர் நடக்குற மாதிரி தோணுது" என்றார். அதில் பாதி உண்மை இருந்ததால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. என் கண்ணையே நம்பலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அடுத்த நாள், "கரையான்சாவடி வரைக்கும் போயிட்டு வரேன் மாமா" என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஆனால் போகவில்லை. எதிர்ப்பக்கம் மருந்துக்கடை நிழலில் நின்று எங்கள் பால்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. வாக்கரைத் தள்ளிக்கொண்டு அவர் வந்தார். கம்பியைப் பிடித்து நேராக நின்று, பஸ் ஸ்டாப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முதுகுவலியோடு படியேறினேன். உள்ளே போனால், மார்புவரை போர்வையை இழுத்துப் போர்த்தி, மூச்சு வாங்கப் படுத்திருக்கிறார்.

"வந்துட்டியாம்மா? பாத்ரூம் போகணும், கொஞ்சம் பிடிச்சுக்கிறியா?"

நான் தோளைக் கொடுக்கவில்லை. "பால்கனி வரைக்கும் போன கால் பாத்ரூம் வரைக்கும் போகாதா மாமா?"

அவர் முகம் சுருங்கிப் போனது.

"நடக்கிறேன்னு தெரிஞ்சா நீ வேலைக்குப் போயிடுவ" என்றார். "விழுந்த அன்னிக்கு கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்திப் போச்சு. கீழ் வீட்டு டிவி எனக்குக் கேக்குது. நான் கத்துறது அவங்களுக்குக் கேக்கல."

"அதுக்காக இத்தனை நாள் என்னைத் தூக்க வெச்சீங்களே மாமா. என் முதுகு போச்சே!" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் போர்வையை விலக்கி, தானாகவே எழுந்து, வாக்கரைப் பிடித்துக் குளியலறைக்கு நடந்தார். கதவருகே திரும்பி, "வெளியிலேயே நிக்கிறியா?" என்று கேட்டார். நின்றேன்.

அன்று ராத்திரி தன் அப்பா நடப்பதைக் கணவர் கண்ணால் பார்த்தார். மறுநாள் அலுவலகத்தில் பேசி, வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை என்று அனுமதி வாங்கி வந்தார். மற்ற நாட்களில் கீழ் வீட்டு அம்மா ஏறி வந்து பார்த்துக்கொள்கிறார். குளியலறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டோம். நான் மறுபடி அம்பத்தூருக்குப் போய் வருகிறேன்.

ஆனால் எனக்கும் மாமனாருக்கும் இடையில் பழைய நம்பிக்கை திரும்பவில்லை. நான் பால் வாங்கக் கிளம்பினாலும், கையில் எந்தப் பை இருக்கிறது என்று அவர் பார்க்கிறார். கால் வலிக்கிறது என்று அவர் சொன்னால், நான் முதலில் அவர் முகத்தைத்தான் பார்க்கிறேன். அதற்குப் பிறகுதான் தைலத்தை எடுக்க எழுந்து போகிறேன்.