மஞ்சள் தண்ணீர் பட்ட மைக்

1. அம்மாவின் குரல்வளையில் புற்று, குரல்வளையையே முழுவதும் எடுத்துவிட வேண்டும், அதன்பிறகு பேச முடியாது என்று மருத்துவர் சொன்னார்.
2. நான் வேலை செய்யும் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து பழைய ஜெர்மன் கன்டென்சர் மைக் ஒன்றை இரவல் வாங்கி, பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் குப்பத்துக்குக் கொண்டுபோனேன்.
3. நைனா, அதாவது அப்பா, அதற்குப் பூசை போட்டார்.
4. மைக் கெட்டது.
5. அம்மா அதில் பேசினாள்.

இப்படி எழுதினால்தான் எனக்கு வரிசை குழம்பாமல் இருக்கிறது.

அம்மா மீன் ஏலம் விடுகிறவள். படகுகள் வந்ததும் இறாலையும் நண்டையும் கூறு கட்டி, சுற்றி நிற்கும் வியாபாரிகளின் கூச்சலுக்கு மேலே குரலை ஏற்றிப் பிடிப்பாள். அந்தக் குரல் முதலில் கரகரத்தது. பிறகு பாதி காற்றாகிவிட்டது. ஃபோனில் பதிந்து பார்த்தேன். ஃபோன் அந்தக் காற்றை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிட்டது. மிஞ்சியது யாரோ ஒருத்தியின் குரல். அதை அழித்தேன்.

கூடத்தில் இருந்த மைக் அம்மாவைவிட மூத்தது. உள்ளே பழைய ரேடியோவில் இருப்பதுபோல் கண்ணாடி வால்வு, பேசுவதற்கு முன் அது நன்றாகச் சூடேற வேண்டும். தலைப்பகுதியின் கம்பிவலைக்குள் வெங்காயச் சருகைவிட மெல்லிய சவ்வு, அதன்மேல் தங்கப் பூச்சு. சொல்லுக்கு முன்னால் வரும் மூச்சையும் அது கேட்கும். அம்மாவுக்கு மிச்சம் இருந்தது மூச்சுதான் என்பதால் அது வேண்டியிருந்தது. ஈரம்தான் அதற்கு ஆகாது. பாடகரின் எச்சில் படாமல் முன்னால் துணித்திரை வைப்போம். சவ்வில் ஈரம் ஏறினால் மின்சாரம் கசிந்து, எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோலச் சத்தம் வரும். முதலாளி அதை வெளியே கொடுத்ததே இல்லை. காரணம் சொன்னதும் பெட்டியோடு எடுத்து என் கையில் வைத்தார்.

உப்புக்காற்றுக்குப் பயந்து அதைப் பீரோவில் வைத்தேன். மறுநாள் காலை அறுவை சிகிச்சைக்குச் சென்னைக்குக் கிளம்ப வேண்டும். எங்கள் வீட்டு ப்ளக்கில் எர்த் இல்லாமல் மைக்கில் ரீங்காரம் கேட்டது. அதைச் சரிசெய்யச் சாமான் வாங்கப் பொன்னேரிக்குப் போய்த் திரும்பினேன். தெருமுனையிலேயே சாம்பிராணி வாசனை.

நைனா குளித்து, வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை, எலுமிச்சம்பழம், நடுவில் மைக். கம்பிவலையில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். வேப்பிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்து முடித்துவிட்டு, புகை உள்ளே நன்றாகப் போகட்டும் என்று சாம்பிராணித் தூபத்தை அடியில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா இது?" என்றேன்.

"புது வலைய அப்படியே தண்ணில எறக்கிடுவோமா? உங்கம்மா கொரலு போயி ஒக்காரப் போற எடம். சும்மா உடலாமா?"

எங்கள் பக்கத்தில் புது எஞ்சினுக்கும் இதைத்தான் செய்வார்கள். அவர் எதையும் தவறாகச் செய்யவில்லை. மைக்கை வாங்கித் துடைத்தேன். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு பெட்டியில் மூடி வைத்தேன். மாலை ஆகிவிட்டது. இனித் தள்ளிப்போட முடியாது. பக்கத்தில் இருந்தால் மைக்கில் கரகரவென்று சத்தம் வரும் என்று எல்லா ஃபோன்களையும் அணைத்தேன், ஒயரை ரெக்கார்டரில் மாட்டினேன், சூடேறக் காத்திருந்தேன். ஹெட்ஃபோனில் கடுகு வெடித்தது. பிறகு ஒரே இரைச்சல், வேறு எதுவும் இல்லை.

அம்மா பாயில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள். வியாபாரியின் முகத்தைப் பார்த்தே அவன் இன்னும் ஏறுவானா மாட்டானா என்று சொல்லிவிடுகிறவள் அவள். நைனா தும்மல்கூட வந்துவிடக் கூடாது என்று வாயில் துண்டை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். அம்மா அவரை ஒருமுறை பார்த்தாள். என்னிடம் மெதுவாகத் தலையசைத்தாள். பிறகு செத்துப்போன அந்த மைக்கை நோக்கிப் பேச ஆரம்பித்தாள்.

நான் ஹெட்ஃபோனைக் கழற்றினால் நைனாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் கழற்றவில்லை. இரைச்சலில் எதுவும் கேட்காமல் அம்மாவின் உதடுகள் அசைவதை மட்டும் பார்த்தேன். கையை நீட்டி எதையோ ஏலம் விட்டாள். நைனாவைக் காட்டி ஏதோ சொன்னாள். அவர் துண்டுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்புறம் ஏதோ சொன்னாள், அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மீட்டரின் முள்ளைப் பார்த்து, எல்லாம் சரி என்பதுபோல் கட்டைவிரலைக் காட்டிக்கொண்டே இருந்தேன்.

அம்மா பேசி முடித்ததும் நைனா வெந்நீர் எடுக்க உள்ளே போனார். அம்மா என் காதிலிருந்து ஹெட்ஃபோனை நகர்த்தினாள்.

"நைனாகிட்ட சொல்லாதடி. ஆசையா பண்ணாரு, பாவம்."

அதற்குமேல் அவளுக்குக் குரல் எழவில்லை. மறுநாள் வண்டியிலும் சைகைதான்.

பதிவைக் கூடத்தில் எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் அலசிப் பார்த்தேன். இரைச்சலுக்கு அடியில் ஒன்றும் இல்லை.

இப்போது மைக் பழுது பார்ப்பவரிடம் இருக்கிறது. சவ்வு ஜெர்மனியிலிருந்து வர வேண்டும். அம்மா வீட்டில் இருக்கிறாள், கழுத்தில் போட்ட துளை வழியாக மூச்சு விடுகிறாள். ஏலத்தைப் பக்கத்து வீட்டு அக்கா விடுகிறார். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் நைனா, "கொரலு பத்திரமா கீதுல்ல?" என்று கேட்கிறார். "கீது நைனா" என்கிறேன். அன்று அம்மா என்ன பேசினாள் என்பது அவர்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். அம்மாவால் சொல்ல முடியாது, அவளுக்கு எழுதவும் தெரியாது. நைனாவிடம் கேட்டால் பதிவு இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். நான் இன்னும் கேட்கவில்லை.