கொண்டை ஊசி வளைவில் ஒரு தொழுவம்

மலைச்சாலை கடைசியாக மடங்கித் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் அவருடைய வீடு. சாலைக்கு இந்தப் பக்கம் தொழுவம், அந்தப் பக்கம் மேய்ச்சல் சரிவு. வீடு இருந்த இடத்தை வைத்து ஊரில் அவரை ஊசி அண்ணன் என்றார்கள். வாயை வைத்தும்தான் என்று சொல்பவர்கள் உண்டு. பால் கேன்களை எடுக்க வரும் வண்டிக்காரர் தாமதித்தால், "வாங்க, இப்ப பாலா எடுத்துட்டுப் போறீங்களா, தயிரா எடுத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்பார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "வர்றவளுக்கு மாட்டைப் பிடிக்கணும், மாட்டுக்கு அவளைப் பிடிக்கணும், அதுக்கப்புறம்தானே நான்" என்பார். சொந்தம் என்று இருந்தது ஒரே தங்கை. அவளைக் கட்டிக்கொடுத்ததும் பக்கத்தில்தான், மலையடிவாரத்தில் விடுதி நடத்துகிறவருக்கு. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு தூக்குப் பாலோடு இறங்கிப் போய், தங்கை வீட்டுச் சமையலறையில் ஒரு டீ குடித்துவிட்டு ஏறி வருவார். அதுதான் அவருக்கு வாரத்தின் ஒரே ஊர்ப்பயணம்.

மாப்பிள்ளை கெட்டிக்காரர். பள்ளத்தாக்கில் இருந்த நூற்பாலை மூடிய பிறகு விடுதியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒருநாள் கார் கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்த இரண்டு பட்டணத்துக்காரர்களைப் பார்த்து யோசனையைப் பிடித்துக்கொண்டார். மலையைச் சுற்றி ஒரு பாதை வகுத்தார். பின்பக்கம் பழத்தோட்டங்கள் வழியாக நிழலிலேயே மெல்ல ஏறி, உச்சியைத் தாண்டி, முன்பக்கம் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணில் விரிய ஒரே மூச்சில் இறங்குவது. விடுதிச் சுவரில் அந்தப் பாதையின் பெரிய படம் மாட்டினார். இரண்டே பருவத்தில் அறை கிடைக்காமல் ஆட்கள் திரும்பிப் போகும் அளவுக்கு வந்துவிட்டது. பஞ்சர் ஒட்டுகிறவர், துணி துவைக்கிறவர், முட்டை கொண்டுவந்து கொடுக்கிறவர் என்று ஊரில் பாதிப்பேருக்கு அதில் பிழைப்பு. ஊர் அவரைக் கொண்டாடியதில் தப்பில்லை.

அந்த இறக்கம் ஊசி அண்ணனின் வாசலில்தான் திரும்பியது. சாயங்காலம் மாடுகள் சரிவிலிருந்து தொழுவத்துக்குச் சாலையைத் தாண்டும் நேரமும், சைக்கிள்காரர்கள் பாய்ந்து இறங்கும் நேரமும் ஒன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது பேச்சை எடுத்தார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இவங்களை என் பக்கமா ஏத்துங்க, தோட்டத்துப் பக்கமா இறக்குங்க. மாடு தாண்டுற ரோடு. சாணம் கிடக்கும். மழை பேஞ்சா எண்ணெய் ஊத்தின மாதிரி வழுக்கும்."

மாப்பிள்ளை ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே சிரித்தார். "மச்சான், மூச்சு முட்ட ஏறினவனுக்கு அந்த இறக்கம்தான் பரிசே. அதைப் பிடுங்கிட்டா எவன் வருவான்? நீங்க மாட்டைக் கொஞ்சம் முன்னாடியே ஓட்டிடுங்களேன்."

"மாட்டு வயித்துக்கு உங்க விடுதி மணி தெரியாது."

அடுப்பருகில் நின்ற தங்கை திரும்பினாள். "அண்ணன் சொல்றதையும் கொஞ்சம் கேளுங்களேன்."

"நீ டீயைப் பாத்து ஊத்து" என்றார் மாப்பிள்ளை.

ஊசி அண்ணன் அதற்கு மேல் வாக்குவாதம் செய்யவில்லை. தன்னால் ஆனதைச் செய்தார். மாடுகள் தாண்டியதும் மண்வெட்டியோடு போய்ச் சாணத்தை வழித்து ஓரம் தள்ளினார். பழைய டின் ஒன்றில் சிவப்புச் சாயம் பூசி, வளைவுக்கு மேலே, தூரத்திலிருந்தே தெரியும்படி வைத்தார். ஒரு வாரத்தில் டின்னைக் காணோம். படம் எடுக்கும்போது அசிங்கமாகத் தெரிகிறது என்று விடுதி ஆள் ஒருவன் பள்ளத்தில் உருட்டிவிட்டிருந்தான். இன்னொன்று வைத்தார். அதுவும் போயிற்று.

மழைக்காலத்தின் முதல் தூறல் அன்று. மாடுகள் எல்லாம் தாண்டிவிட்டன. கால் தாங்கித் தாங்கி நடக்கும் கிழட்டுப் பசு மட்டும் சாலை நடுவில் இருந்தது. அவர் அதன் பின்னால் மண்வெட்டியோடு நின்றார். மேலே சக்கரங்கள் விசிலடிப்பதுபோல் ஒரு சத்தம். நிமிர்வதற்குள் சைக்கிள் வளைவில் இருந்தது. ஓட்டி வந்த பெண் பிரேக்கைப் பிடித்தாள். பின்சக்கரம் சாணத்தில் வழுக்கிப் பக்கவாட்டில் ஓடியது. பசுவைத் தொடாமல், நேரே போய்க் கற்சுவரில் மோதினாள்.

அவர் ஓடிப்போய் அவள் தலையைத் தன் மடியில் தாங்கினார். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது. கண் திறந்துதான் இருந்தது.

"மாட்டுக்கு அடிபட்டுச்சா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. ஒண்ணும் ஆகல."

"சரி" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்து ஆசிரியை, லீவுக்கு வந்தவள் என்பது பிறகுதான் தெரிந்தது.

சில நாள் கழித்து அவளுடைய அப்பா வந்தார். சுவரில் சைக்கிள் மோதிய தடத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தொழுவத்து வாசலுக்கு வந்து, "வாயில்லா ஜீவனை ரோட்டுல விட்டுட்டு வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

ஊசி அண்ணனுக்கு எவ்வளவோ சொல்ல இருந்தது. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல், அவள் கடைசியாகக் கேட்டதைச் சொன்னார்.

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "என் பொண்ணுக்குச் சின்ன வயசுலேருந்து மாடுன்னாலே பயம். அவ அப்படிக் கேட்டிருக்க மாட்டா. தப்பிக்கிறதுக்காகச் செத்தவ வாயில வார்த்தையை வைக்காதீங்க."

காரில் ஏறிப் போய்விட்டார். ஊசி அண்ணன் அன்று மாலை பால் கறக்க மறந்து, மாடுகள் கத்திய பிறகுதான் எழுந்தார்.

விசாரணை ஊராட்சி அலுவலகத்தில் நடந்தது. அதிகாரி நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். ஊசி அண்ணன், பாதையை மாற்றச் சொன்னதையும், டின் வைத்ததையும், அது போனதையும் சொன்னார். மாப்பிள்ளை நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "மச்சான் மேல எனக்கு மரியாதை உண்டு சார். ஆனா அப்படி எதுவும் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருந்தா நான் கேக்காம இருப்பேனா?" என்றார்.

"உங்க வீட்டுச் சமையலறையிலதான் பேச்சு நடந்துச்சாம். யாரும் கூட இருந்தாங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"என் தங்கச்சி இருந்தா" என்றார் ஊசி அண்ணன். சொல்லும்போதே அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தார்.

தங்கை எழுந்து நின்றாள். அண்ணனைப் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த தண்ணீர்க் குடுவையைப் பார்த்தாள்.

"நான் அடுப்புப் பக்கம் இருந்தேன். என்ன பேசிக்கிட்டாங்கன்னு காதுல விழல."

ஊசி அண்ணன் வாயே திறக்கவில்லை. அவர் பேச்சில்லாமல் உட்கார்ந்ததை ஊர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தது. பார்த்துவிட்டு, குற்றமுள்ள நெஞ்சு என்று சொல்லிக்கொண்டது.

கால்நடைகள் சாலையைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. மேய்ச்சல் சாலைக்கு அந்தப் பக்கம், தொழுவம் இந்தப் பக்கம். தீவனம் வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகாது. மாடுகளை ஒவ்வொன்றாக விற்றுவிட்டார். கிழட்டுப் பசுவை வாங்க ஆளில்லை. அது மழைக்காலம் முடிவதற்குள் தொழுவத்திலேயே செத்தது. அவர் பால் சேகரிப்பு நிலையத்தில் கேன் கழுவும் வேலைக்குப் போனார். தயிர் கேலிக்கு ஆளான அதே வண்டிக்காரர் இறக்கும் கேன்கள்தான். வண்டிக்காரர் பாவம், முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இறக்கிவிட்டுப் போவார்.

அடுத்த பருவத்தில் மாப்பிள்ளை பாதையைத் திருப்பினார். முன்பக்கம் ஏற்றம், தோட்டத்துப் பக்கம் இறக்கம். விருந்தினர் பாதுகாப்புக்காகத் தானே யோசித்துச் செய்த மாற்றம் என்று கூட்டம் போட்டுச் சொன்னார். கை தட்டினார்கள். ஆட்கள் குறையவில்லை. ஏறி வருகிறவர்கள் வளைவில் மூச்சு வாங்க இறங்கி, வேலிக்கு வெளியே நின்று தண்ணீர் கேட்பார்கள். அவர் கொடுப்பார். "அருமையான இடம், கொடுத்து வச்சவர் நீங்க" என்பார்கள். அதற்கும் தலையாட்டுவார்.

தங்கை ஒருநாள் தனியாக ஏறி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை இல்லை. தொழுவத்து வாசலில் நின்றாள். உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

"நான் என்ன செய்ய முடியும், அண்ணா? அவரை உள்ள போட்டிருந்தா விடுதியை மூடியிருப்பாங்க. ரெண்டு புள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"இங்க வந்திருக்கலாம்."

அவள் தலை குனிந்தது. "நீ தாங்கிக்குவன்னு நினைச்சேன். உனக்குன்னு யாரு இருக்கா, உன்னைக் கேள்வி கேக்க."

"அதுவும் சரிதான்" என்றார். "ஒருத்தி இருக்கான்னு நினைச்சது என் தப்பு."

அவள் அழுதாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, அழுது முடியும் வரை நின்றார். சின்ன வயதில் அவள் அழுதால் பொறுக்கமாட்டாதவர் என்பது அவளுக்குத் தெரியும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வரேன்ண்ணா" என்றாள்.

"போ" என்றார்.

போயிட்டு வா என்பதில் பாதி. மீதிக்காக அவள் கொஞ்சம் காத்திருந்தாள். அவர் வேலிக்கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

இப்போதும் இரண்டு பேரும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். கடைத்தெருவில் எதிரெதிரே வந்தால் அவள் நின்றுவிடுகிறாள். அவர் நிற்பதில்லை.