தேத்தண்ணி குடியாத பிளம்பர்

அக்காவுக்குப் பிள்ளை பிறந்த மறுநாள் காலை எங்கள் வீட்டுச் சுடுதண்ணித் தாங்கி உடைந்தது. ஒரு மாதம் முந்தி உடைந்திருக்கலாம். கோடை வரைக்கும் பொறுத்திருந்தும் உடைந்திருக்கலாம். அது அன்றைக்குத்தான் உடைந்தது.

2011ஆம் ஆண்டுக் குளிர்காலம் அது. புலம்பெயர்ந்து வந்து டண்டினொங் என்ற புறநகரில் நாங்கள் வாங்கிக் குடியேறிய வீட்டின் பின்சுவரோடு ஒட்டியபடி, எங்களுக்கு முன் இருந்தவர்களின் காலத்திலிருந்தே அந்தக் காஸ் தாங்கி நின்றது. குப்பை போடப் போன அப்பா, "தம்பி, ஓடி வா, டாங்க் ஒழுகுது" என்று கத்தினார். போய்ப் பார்த்தால், அடிப்பக்கம் துருவேறிப் பிளந்திருந்தது. சீமெந்து நடைபாதை முழுக்கச் செம்மண் நிறத்தில் தண்ணீர். நான் காஸை நிற்பாட்டி, தண்ணீரையும் பூட்டினேன். குசினி வாசலில் நின்ற அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமைக்கு முன்னம் சரிவருமோ?"

வெள்ளிக்கிழமை அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. பிள்ளை பெற்றவள் துடக்குக் கழியும் வரைக்கும் தாய் வீட்டில் இருப்பதும், தாய் அவளுக்குச் சுடச்சுடத் தண்ணீர் வார்ப்பதும் எங்கள் ஆட்களிடம் தவறாத வழக்கம். அம்மா இதற்கென்றே மாதக்கணக்காக மருந்துச் சரக்கு வாங்கி, வறுத்து, இடித்துப் போத்தல்களில் அடைத்து வைத்திருந்தாள். பச்சை உடம்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சன்னி வரும் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. வெளியே புல்லெல்லாம் உறைபனி. குழாயைத் திறந்தால் விரல் விறைத்தது. அன்று செவ்வாய்க்கிழமை.

"நீதானே படிச்சனி. நீ பார்" என்றார் அப்பா.

சின்ன வயதிலிருந்தே நான் கேட்டு வளர்ந்த வசனம் இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா ஐந்தாம் வகுப்போடு வயலுக்குப் போனவர். அக்காவின் படிப்பு இடம்பெயர்வுகளுக்குள் தொலைந்தது. ஆகவே வங்கி, குடிவரவு, கார் காப்புறுதி, பக்கத்து வீட்டு நாய் பற்றிய முறைப்பாடு எல்லாம் என்னிடம் வரும். நான் வாசித்து, விளங்கப்படுத்தி, இப்படிச் செய்வோம் என்று சொல்லுவேன். பிறகு அப்பா, தான் முதலிலேயே நினைத்து வைத்ததைச் செய்வார். படித்தவனுடைய வேலை பார்ப்பது மட்டும். முடிவு வேறு இலாகா.

ஆனாலும் பார்த்தேன். அன்றைய விரிவுரைகளை விட்டுவிட்டு, குளிர்த் தொப்பி போட்டுக்கொண்டு கணினியின் முன் உட்கார்ந்தேன். காஸ் தாங்கி, மின்சாரத் தாங்கி, கூரையில் வைக்கும் சூரியச் சூடாக்கி, தாங்கியே இல்லாமல் ஓடுகிற தண்ணீரை ஓட்டத்திலேயே சூடாக்கும் சுவர்ப்பெட்டி. ஒன்றை மெச்சுகிறவன் மற்றதைத் திட்டினான். கடைசியில் சுவர்ப்பெட்டிதான் எங்களுக்குச் சரி என்று எனக்குப் பட்டது. மத்தியானச் சாப்பாட்டில் அதை விளக்கினேன்.

"இதில தண்ணி முடியிற பிரச்சினை இல்லை, அப்பா. எவ்வளவு நேரமும் சுடச்சுட வரும்."

"டாங்க் இல்லாட்டி தண்ணி எங்க நிக்கும்?"

"நிக்காது. ஓடேக்கையே சுடும்."

"நிக்காத தண்ணி என்னெண்டடா சுடும்? கேத்தில்ல தண்ணி நிண்டுதானே சுடுது?"

"அது வேற, இது வேற."

"ஓம், வேறதான்" என்று சொல்லிவிட்டு அப்பா மோர் கேட்டார்.

அம்மாவின் கவலை வேறு பக்கம். என்ன பெட்டி என்பது அவளுக்குப் பொருட்டில்லை. யார் வந்து பொருத்திப் பூட்டுவது என்பதுதான் அவளுடைய கேள்வி. "பச்சைப் பிள்ளை இருக்கப்போற வீடு. வாறவன் எப்பிடிப்பட்ட ஆளெண்டு தெரியவேணும்." அதை அறிவதற்கு அவளிடம் இருந்தது ஒரே ஒரு சோதனை. வருகிறவனுக்குத் தேத்தண்ணியும் கடிக்க ஏதாவதும் கொடுப்பாள். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டால் நல்லவன்.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. எங்கள் வீட்டில் கை நனைத்த ஆளை முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. புதன்கிழமை முதலில் வந்தவர் சூரியச் சூடாக்கி விற்கிற விற்பனையாளர். கழுத்துப்பட்டி கட்டிய மனிதர். அம்மா பொரித்த ரோல்ஸைப் புகழ்ந்து புகழ்ந்து தட்டைக் காலி செய்தார். பூட்டுவதற்கு மூன்று கிழமை செல்லும் என்றார். அப்பா அவருடைய கையைப் பிடித்து, "வெரி குட், வெரி குட், யூ கம்" என்றார். அவர் போனதும் என் பக்கம் திரும்பி, "பாவம், நல்ல பெடியன். நீ பிறகு போன் பண்ணிச் சொல்லிவிடு, வேண்டாமெண்டு" என்றார். வேண்டாம் என்று சொல்வதும் படித்தவனுடைய இலாகாதான்.

இரண்டாவதாக வந்தவர் நான் தேடிப் பிடித்த பிளம்பர். காஸ் வேலைக்கு உரிமம் உள்ளவர். அந்தக் குளிரிலும் அரைக் காற்சட்டை, தாடி, சேறு அப்பிய சப்பாத்து. சுவரைத் தட்டினார், காஸ் குழாயைப் பார்த்தார், யன்னலுக்கும் அதற்கும் இடையிலான தூரத்தை அளந்தார். பழைய தாங்கி நின்ற இடம் அறை யன்னலுக்குக் கிட்ட, அதனால் புகைபோக்கி அங்கே இருக்கக் கூடாது, நாலு அடி தள்ளிப் பூட்ட வேண்டும் என்றார். அந்த அறையில்தான் அக்காவும் பிள்ளையும் படுக்கப் போகிறார்கள். சுவர்ப்பெட்டிதான் சரி, நாளைக்குக் காலையே வருவேன் என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

அம்மா தட்டத்தோடு வந்தாள். பால் தேத்தண்ணி, இரண்டு வடை.

"ஐம் ரைட், மேட்" என்றார் அவர். வேண்டாம் என்பதை இங்கே அப்படித்தான் சொல்லுவார்கள். சொல்லிவிட்டு, சப்பாத்துக் காலோடு குசினிக்குள் ஏறி, சுவாமிப் படத்துக்கு முன்னால் நடந்து போய், குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, அதே வழியால் வெளியே போனார்.

அம்மா நிலத்தைத் துடைத்தபடி தீர்ப்புச் சொன்னாள். "ஒரு வாய் தேத்தண்ணி குடியாத மனுசன். அவனை நம்பி என்னெண்டு வீட்டைக் குடுக்கிறது?"

"அம்மா, அவருக்கு வேலை தெரியும்."

"வேலை ஆருக்குத்தான் தெரியாது?"

அன்று பின்னேரம் சித்தப்பா வந்தார். அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி. ஊரில் தண்ணிப் பம்பி, வயரிங், மோட்டார் சைக்கிள் எல்லாம் திருத்தியவர். இங்கே ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுகிறார். இடிக்கப் போகிற வீடொன்றிலிருந்து கழற்றின காஸ் தாங்கி ஒன்று தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். "ஸ்டிக்கர்கூட உரியேல்லை, அண்ணை. நாளைக்குக் காலமை கொண்டு வாறன். அதே இடத்தில தூக்கி வைச்சுப் பூட்டினால் சரி." அம்மா அவித்த புட்டு முழுவதும் அவருக்குள் போனது. அப்பா என்னைப் பார்க்காமல், "ஓம் ஓம், கொண்டு வா" என்றார்.

அவர் போன பிறகு நான் கத்திவிட்டேன். "அதே இடமெண்டால் யன்னலுக்குக் கீழ. அந்தப் புகை நேரா அறைக்குள்ள போகும். உரிமம் இல்லாத ஆள் காஸில கை வைக்கவே ஏலாது. அக்காவும் பிள்ளையும் படுக்கிற இடமப்பா அது!"

"அவன் எங்கட ஆளடா. எங்களுக்குக் கெடுதல் செய்வானோ?"

"அவர் செய்யமாட்டார். காஸ் செய்யும்."

அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அம்மா புட்டுப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்து, "டேய், ஹொட் வோட்டர் ரெடியா? இஞ்ச ஷவர்ல தண்ணி சும்மா கண்ணீர் மாதிரி வருது. வீட்டை வந்துதான் ஒழுங்கா முழுகவேணும்" என்றாள். ரெடி என்றேன். வேறென்ன சொல்ல? நான் பிளம்பரையும் வரச்சொல்லிவிட்டேன்.

வியாழன் காலை இரண்டு பேரும் வந்தார்கள். சித்தப்பா முதலில், காருக்குப் பின்னால் கொளுவிய இழுவைப் பெட்டியில் தாங்கியைக் கயிற்றால் கட்டி, மணமகனை ஊர்வலம் கொண்டு வருவது போல. அதை இறக்குவதற்குள் பிளம்பரின் வான் வந்து பின்னால் நின்றது. ஒருவர் கையில் கயிறு, மற்றவர் தோளில் பெட்டி. இருவரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா வானத்தைப் பார்த்தார், ஏதோ மழை வரப் போகிறது போல. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சித்தப்பா, உங்களிட்டக் காஸ் லைசென்ஸ் இருக்கோ?" என்றேன்.

"லைசென்ஸோ? உன்ர அக்கா தொட்டிலுக்குள்ள கிடக்கேக்கை, அந்தத் தொட்டிலைக் கட்டினதே நான்தான். அப்ப ஆரடா லைசென்ஸ் கேட்டது? நாலு எழுத்துப் படிச்சவுடன வாய் நீண்டிட்டுதோ?"

பிளம்பர் மணிக்கூட்டைப் பார்த்தார். வேறு வேலைகள் இருக்கின்றன, நீங்கள் பேசி முடிவெடுத்துவிட்டுச் சொல்லுங்கள் என்று வானின் கதவைத் திறந்தார். அவர் போனால் வெள்ளிக்கிழமைக்குச் சுடுதண்ணி இல்லை. அந்த நேரம் பார்த்து அம்மா தேத்தண்ணித் தட்டத்தோடு சித்தப்பாவுக்காக வெளியே வந்தாள். நான் அதிலிருந்து ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு வானுக்கு ஓடினேன்.

தயவுசெய்து இதைக் குடியுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்குத் தேத்தண்ணி பிடிக்காது என்றார். பிடிக்க வேண்டாம், குடியுங்கள், அங்கே நிற்கிற என் அம்மா பார்க்கும்படியாகக் குடியுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், இழுவைப் பெட்டியைப் பார்த்தார். எந்த வீட்டுச் சண்டையும் அவருக்குப் புதிதில்லை போலும். மருந்து குடிக்கிற முகத்தோடு ஒரே இழுவையில் குடித்து முடித்து, "லவ்லி" என்று கோப்பையை உயர்த்திக் காட்டினார்.

அம்மா தட்டத்தைச் சித்தப்பாவிடம் நீட்டியபடி, சாதாரணமாகச் சொன்னாள். "அவர் தேத்தண்ணி குடிச்சிட்டார். இனி என்னெண்டு திருப்பி அனுப்பிறது?"

"அப்ப நான் மட்டும் நேற்றுப் புட்டுத் தின்னேல்லையோ, அண்ணி?"

"நீங்கள் எங்கட ஆள். இண்டைக்குக் கோவிச்சுக்கொண்டு போனாலும் நாளைக்கு வருவியள். அவர் பிறத்தியார். கோவிச்சுக்கொண்டு போனால் வரமாட்டார்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "யன்னலுக்குக் கீழ வேண்டாம். பிள்ளை படுக்கிற அறை."

அவ்வளவுதான். முதல் நாள் இரவு நான் தொண்டை கிழியக் கத்தியதை அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அதைச் சொல்லத் தோதான ஒரு முறை கிடைக்கும் வரை வைத்திருந்திருக்கிறாள்.

சித்தப்பா கோபித்துக்கொண்டு போகவில்லை. அது இன்னும் மோசம். கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு பிளம்பரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார். "உந்த நட்டை இன்னும் ஒரு சுத்து இறுக்கச் சொல்லு." "பைப்பை ஏன் இப்பிடி வளைக்கிறான்? கேள்." "இதென்ன, சீனிப் போத்தல் அளவு பெட்டி?" நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை. வாட் இஸ் ஹீ சேயிங் என்று பிளம்பர் கேட்டபோது, நல்ல வேலை என்கிறார் என்று சொன்னேன். பின்னேரமாவதற்குள் பெட்டி சுவரில் ஏறியது. குழாயில் ஆவி பறந்தது. குளியலறைக்கு ஐம்பது டிகிரிக்கு மேல் போகாமல் தடுக்கிற வால்வு ஒன்று வைத்திருக்கிறேன், இங்கத்தைய சட்டம் அது, குழந்தை உள்ள வீட்டுக்கு நல்லது என்று சொல்லிவிட்டு அவர் போனார். நான் நிம்மதியாகத் தலையாட்டினேன்.

வெள்ளி மத்தியானம் அக்கா வந்தாள். பிள்ளையை அப்பாவின் மடியில் வைத்துவிட்டு, "தண்ணி?" என்றாள். நான் பெருமையோடு குளியலறைக் குழாயைத் திறந்து விட்டேன். அம்மா சேலையைச் செருகிக்கொண்டு வந்து, புறங்கையை நீட்டிப் பார்த்தாள்.

"இதோ உன்ர சுடுதண்ணி?"

"ஐம்பது டிகிரி, அம்மா. அதுக்கு மேல விட ஏலாது. சட்டம்."

"சட்டம் பிள்ளை பெத்ததோ?"

அவள் குசினிக்குத் திரும்பினாள். பின்னாலே போனேன். இரண்டு அடுப்பை அடைத்தபடி, கலியாணவீட்டுக்குச் சோறு வடிக்கிற பெரிய அலுமினியப் பானை. அதற்குள் வேப்பிலையும், தெருவோரத்து யூகலிப்டஸ் மரத்தில் ஒடித்த கொத்துகளும் கொதித்துக்கொண்டிருந்தன. வீடு முழுக்கத் தைல வாசம். விடியப்புறமே அடுப்பில் ஏற்றியிருக்கிறாள்.

"அம்மா! அடுப்பிலதான் வைக்கிறதெண்டால், நான் என்னத்துக்கு இவ்வளவு பாடுபட்டனான்? ஏன் முதலே சொல்லேல்லை?"

"பிள்ளை பெத்தவளுக்கு அடுப்பில இலை போட்டுத்தானே தண்ணி வைக்கிறது. உதையும் சொல்லவேணுமோ?"

"அப்ப அந்தப் பெட்டி?"

"விளாவ வேண்டாமோ? கொதிதண்ணியை அப்பிடியே ஊத்தினால் தோல் உரிஞ்சுபோம். பச்சைத் தண்ணியில விளாவினால் சன்னி. உன்ர பெட்டித் தண்ணிதான் விளாவத் தோது. சும்மா நிக்காமல் பானையின்ர மற்றக் காதைப் பிடி."

துணியைச் சுற்றி ஒரு காதை நான் பிடித்தேன், மற்றதை அவள். குளியலறை வாசல் வரைக்கும் பானையைக் காவினோம். உள்ளே அக்கா முக்காலியில் இருந்தாள். அம்மா என் கையில் இருந்த துணியைப் பறித்து, கதவைச் சாத்தினாள். குழாய் திறபடும் சத்தம் கேட்டது. வெளிச்சுவரில் பெட்டி உறுமத் தொடங்கியது. முதல் செம்பு தலையில் விழுந்ததும், "ஐயோ அம்மா, சுடுது!" என்று அக்கா அலறினாள்.

"சுடத்தான் வேணும்" என்றாள் அம்மா. "தம்பி! அங்கதானே நிக்கிறாய்? அந்தப் பெட்டியைக் கொஞ்சம் குறைச்சு விடு."

குறைக்கிற பொத்தான் குசினிச் சுவரில் இருந்தது. ஓடினேன்.